எலுமிச்சம்பழம் வந்த நேரம்

என் கணவர் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தார். மற்ற நேரமெல்லாம் சார்புக் கொள்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தூரத்தில் நடப்பதன் நேரத்தை நாம் எப்படி அறிகிறோம், அறிந்தோம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை என்பதுதான் அதன் பொருள். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். அதனால் படி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மசக்கையில் நான் சுருண்டு கிடந்தபோதும் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டு முழுப் பக்கத்தையும் நீட்டுவார். எழுதுவேன். முகம் சுளித்துவிட்டேனோ என்று பிறகு நானே வருந்துவேன்.

எனக்குத் தாய் தகப்பன் இல்லை; அண்ணன் ஒருவர்தான். அதனால் பிரசவம் கோயமுத்தூரில் மாமியார் வீட்டிலேயே நடந்தது. குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி ஓர் எலுமிச்சம்பழத்தை அறைக்கு வெளியே உருட்டிவிடுவாள். வெளியே இருப்பவர் நேரம் பார்க்க வேண்டும்; ஜாதகத்துக்கு அதுதான் ஆதாரம். வீட்டில் கைக்கடிகாரம் கட்டியவர் என் கணவர் ஒருவரே. இதைவிடத் தகுந்த ஆள் யார் என்று எல்லோரும் நினைத்தோம்.

பையன் பிறந்தான். பழமும் உருண்டது. அவரோ நாற்காலியில் உட்கார்ந்து அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்கால மில் சங்கு காதில் விழுந்ததாம். கையிலிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது பழம் காலடியில் கிடந்ததாம்.

மூன்றாம் நாள் ஜோசியர் வந்தார். சங்கு ஊதிய வாக்கில்தான் லக்கினம் மாறுகிறது என்றார். அதற்கு முன் பிறந்திருந்தால் குற்றமில்லை. பின் என்றால் தாய்மாமன் ஒரு வருஷம் குழந்தையின் முகத்தைப் பார்க்கக் கூடாது. சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அண்ணன் பல்லடத்திலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலமே போத்தனூரில் ரயிலேறி பம்பாய்க்கு வேலைக்குப் போகிறார். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

"முன்னாலயா, பின்னாலயா? ஒரு வார்த்தை சொல்லு கண்ணு" என்றார் மாமியார்.

"பழத்தை நான் பாத்த நேரம் தெரியுமுங்கம்மா. அது வந்த நேரம் தெரியாது. பையன் பொறந்த நேரம் அதுக்கும் முந்தி."

"மாப்ளைங்க, தோராயமாச் சொன்னாப் போதுமுங்க" என்றார் அண்ணன்.

"தோராயமாச் சொன்னா ரெண்டுமே சரிதானுங்க."

"அப்ப நல்லதைச் சொல்லிப்போடுங்க!"

"தெரியாததை எப்படிங்க தெரியும்னு சொல்றது?"

அறைக்குள் படுத்தபடி கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, எது முந்தின்னு தீர்மானிக்க வழியில்லாட்டி, சௌகரியமா ஒண்ணை வெச்சுக்கலாம்னு மூணாவது அத்தியாயத்துல நீங்கதானே எழுதியிருக்கறீங்க?"

கதவருகே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "கவனமாப் படிச்சிருக்கறே! ஆனா அது வேற அம்மணி. அங்க முந்தி பிந்திங்கறதே இல்லை. இங்க இருக்குது, எனக்குத்தான் தெரியலை."

இல்லாததற்கும் தெரியாததற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேறு நாள் கிடைக்கவில்லை அவருக்கு.

மாமியாருக்கு ஒரு வழி தோன்றியது. கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்தார். "நேராப் பாத்தாத்தான் தோஷம். மாமன் எண்ணெயில நெழலைப் பாத்துட்டுப் போகட்டும்."

"எண்ணெயில பட்டு வந்தாலும் அதே வெளிச்சந்தானுங்கம்மா. நேராப் பாக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லீங்க" என்றார் என் கணவர். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தாராம். மாமியார் சற்று யோசித்தார். பிறகு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டார்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பரவாயில்லீங்க. ரயிலுக்கு நேரமாச்சு, வாரேனுங்க."

"இருங்கண்ணா!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஏனுங்க, நீங்க வெளிய உக்காந்திருந்தீங்க. நடந்த எடத்துல இருந்தது நானு. என்னை யாராச்சும் கேட்டீங்களா? பையன் அழுதான். அப்பறந்தான் சங்கு ஊதுச்சு."

"அட, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் என் கணவர். "அந்த எடத்துலயே இருந்தவ சொல்றா. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மாமியார் ஓடிவந்து குழந்தையை எடுத்துப்போய் அண்ணன் மடியில் வைத்தார். வைத்த வேகத்தில் அவன் மாமனின் பயணச் சட்டையை நனைத்தான். "இருக்கட்டுமுங்க அத்தை, பம்பாய் வரைக்கும் இதோடயே போறேன்" என்று அண்ணன் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சொன்னது சரிதானா? சொல்லும்போது அழுகை முந்தி என்று உறுதியாகத்தான் தெரிந்தது. சொல்லி முடித்த உடனே அந்த உறுதி போய்விட்டது. அந்த வலியில் எது அழுகை, எது சங்கு? பம்பாயில் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்தபோதெல்லாம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று கூடத்தில் அதற்குள் என் கணவர் பென்சிலை எடுத்துவிட்டார். "ஆனா ஒண்ணு அம்மணி. மில்லு தூரத்துல இருக்குது. சத்தம் வந்து சேரவும் நேரம் ஆகுமல்ல? அப்ப நீ கேட்டதுக்கு முந்தியே சங்கு..."

மாமியார் திரும்பிப் பார்த்தார். குழந்தை இன்னும் அண்ணன் மடியில்தான் இருந்தான்.

"ஏனுங்க, அந்தப் பென்சிலைக் கீழ வெச்சுட்டு, போயி அண்ணனுக்கு ஒரு வண்டி பேசிட்டு வாங்க" என்றேன். கல்யாணமான பிறகு நான் அவரை ஏவியது அதுதான் முதல் தடவை. பென்சிலை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மூன்றாம் அத்தியாயத்தில் புதிதாக ஓர் எலுமிச்சம்பழம் சேர்ந்திருந்தது. படி எடுக்க என்னிடம்தான் வந்தது.