மாதப்பனின் பழைய டோக்கன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக டெலிபோன் இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். போன் என்றால் கம்பியும் கரண்டும்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நடந்தது நடந்ததுதான்.

எங்கள் கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் பேச உள்ளே இருக்கிற போன்தான். முன்பெல்லாம் பூஜ்யம், கம்பெனி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த டோக்கன் நம்பர், பிறகு ஊர் நம்பர், அவ்வளவுதான். ஒருத்தர் டோக்கனில் இன்னொருத்தர் பேசுவது சகஜம். அதை ஒழிக்கத்தான் ஆறு இலக்க ரகசிய கோட் கொண்டுவந்தோம். நம்ம ஆட்கள் மறுநாளே அதைத் துண்டுச் சீட்டில் எழுதி போன் மேலேயே ஒட்டிவிட்டார்கள், அது வேறு கதை. பழைய டோக்கன் அத்தனையையும் சிஸ்டத்திலிருந்து அழித்தது நான்தான்.

மூன்றாம் நாள் காலை அழைப்புப் பட்டியலைப் பார்த்தால், முந்தின நாள் மதியம் மூன்று நாற்பதுக்குப் பழைய டோக்கன் ஒன்றில் நாட்றாம்பாளையத்துக்கு ஒரு நிமிஷம் அழைப்பு போயிருக்கிறது. டோக்கன், பிரஸ் மிஷின் ஓட்டிய மாதப்பனுடையது. மனிதர் நெஞ்சுவலியில் போய் ஒரு வருஷம். அவர் மிஷினைக்கூடக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

அழைப்பு போனது மஞ்சுளாவின் மேசையிலிருந்து. ஊத்தங்கரைப் பெண், கான்ட்ராக்டில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறாள். அவளை நிரந்தரமாக்கும் ஆர்டர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அன்று மதியம் அதே மூன்று நாற்பது வாக்கில் அவள் மேசைக்குப் போய் நின்றேன்.

"செத்தவரு டோக்கன்ல பேசறியே, கூச்சமா இல்ல?"

"சத்தியமா நான் இல்லண்ணா. அந்த ஊர்ல எனக்கு யாருமே இல்லண்ணா."

தேம்பித் தேம்பி அழுதாள். நான் விடவில்லை, அவ்வளவு நிச்சயம் எனக்கு.

போன் இல்லாவிட்டால் அழைப்பு எப்படிப் போகும், பார்த்துவிடலாம் என்று மறுநாள் அந்த போனையே கழற்றி எடுத்துவந்து, மடியில் வைத்துக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தேன். மூன்று நாற்பது. நம்பினால் நம்புங்கள், அதே டோக்கன், அதே மேசை, ஒரு நிமிஷம்.

அந்த நம்பருக்கு நானே போட்டேன். மாதப்பனின் மனைவி எடுத்தார்.

"இப்பதான் வந்துச்சு சார். பேச்செல்லாம் வராது, மிஷின் சத்தம்தான். அவரு இருந்தப்பவும் அப்பிடித்தான், அந்தச் சத்தத்துல எங்க பேசறது? சாப்ட்டேன்னு நான் சொல்வேன், வெச்சிடுவாரு."

அவரே தொடர்ந்தார்.

"நேத்து மட்டும் சத்தத்துக்கு நடுவுல ஒரு பொண்ணு தேம்பித் தேம்பி அழுதுச்சு. இல்லண்ணா, இல்லண்ணான்னு. யாரு சார் அது? பாவம்."

அப்படியே மேனேஜரிடம் போய், தப்பு என் சிஸ்டத்தில், மஞ்சுளாவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். இப்போது அவள் நிரந்தரம். அந்த அழைப்பை நிறுத்த அதற்குப் பிறகு நான் முயலவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் பிடிபடவில்லை. நான் திட்ட, அவள் அழுதுகொண்டிருந்த நேரம் முழுக்க ரிசீவர் எடுக்கப்படவே இல்லை. அவள் தொட்டுவிடக் கூடாதென்று அதை அழுத்திப் பிடித்திருந்தது என் கை.