நம்பர் சொன்னால்தான் நூல்

எங்கள் தையல் கம்பெனியில் என் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். மற்றபடி எல்லோருக்கும் நான் 'நம்பர் சார்'. நூல் ஸ்டோர் என் பொறுப்பு. யாராவது வந்து நின்று, "சார், அந்தக் கரும்பச்சை நூல் குடுங்க" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "பச்சையும் மஞ்சளும் உங்க வீட்டுல வச்சுக்கோங்க. இங்க நம்பர் சொன்னாத்தான் நூல்" என்பேன். ஒரு சாண் உயரக் கூம்பில் சுற்றி வரும் நூலை நாங்கள் கோன் என்போம். ஒவ்வொரு கோனின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர், அதில் நிறத்துக்கு ஒரு நாலு இலக்க எண். அப்படி ஆயிரத்து முந்நூறு எண்கள். எது எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

'கண்ணை நம்பாதே, நம்பரை நம்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். வெளியிலிருந்து தரம் பார்க்க வந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாத் தையல் லைனிலும் அதையே ஒட்டச் சொல்லிவிட்டார். ஸ்டிக்கர் விழுந்த கோனை நான் குப்பையில் போடுவேன். கறார் பேர்வழி என்று பெயர் வாங்கினேன். கறாரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. சங்கதி அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்பில் டிராயிங் டீச்சர் ஒரு மரம் வரையச் சொன்னார். என் இலைகளெல்லாம் பழுப்பாக இருந்தனவாம், அடிமரம் பச்சையாம். டீச்சர் என்னை பெஞ்சின் மேல் ஏற்றி, தாளைக் கையில் விரித்துப் பிடிக்கச் சொன்னார். "ஐயா வீட்டுல மரம் தலைகீழா வளருது போல" என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? அன்றைக்கே கலர் பென்சில்களின் மேல் அச்சடித்திருந்த பெயர்களைப் படிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு என் மரங்கள் எல்லாம் சரியாகத்தான் வளர்ந்தன.

கணக்கில் நான் புலி. வேதியியலும் நன்றாகவே வரும், புத்தகத்தில் இருக்கும் வரைக்கும். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில், குடுவைக்குள் துளித்துளியாகத் திரவத்தை விட்டு, நிறம் மாறும் நொடியில் குழாயை மூட வேண்டும். நான் விட்டேன், விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். மேற்பார்வைக்கு வந்தவர் குடுவையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கழுவி ஊத்துறியா?" என்று கேட்டார். அந்த மதிப்பெண்ணோடு என் இன்ஜினியரிங் கனவும் போயிற்று. "சோம்பேறி, கடைசி நேரத்துல கவுத்துட்டான்" என்று அப்பா உறவுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். சோம்பேறி என்ற பட்டம் எனக்கு வசதியாக இருந்தது. மறுத்துப் பேசினால் காரணம் சொல்ல வேண்டுமே.

இதற்கு ஒரு பெயர் இருப்பதே இருபது வயதில்தான் தெரிந்தது. ரயில் வேலைக்கான உடல் பரிசோதனையில் டாக்டர் புள்ளிகள் நிறைந்த ஒரு வட்டத்தைக் காட்டி, "இதுல என்ன நம்பர் தெரியுது?" என்றார். "இதுல நம்பரே இல்லையே சார்" என்றேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். ஒன்றிலும் இல்லை. "உனக்குக் கலர் பிளைண்ட்னு வீட்டுல யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார். நான் வீட்டுக்குப் போய், வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் இந்தக் கம்பெனி. அட்டைப்பெட்டி எண்ணும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். எண்களில் நான் காட்டிய சுறுசுறுப்பைப் பார்த்து இரண்டே வருடத்தில் தூக்கி எங்கே போட்டார்கள் தெரியுமா? நூல் ஸ்டோரில்! ஆயிரத்து முந்நூறு நிறங்களுக்கு நடுவில்! வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எண்களை மனப்பாடம் செய்து இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்கு ஒருத்தி வந்தால், காயான தக்காளியையும் பழுத்த தக்காளியையும் கலந்து வாங்கி வருவதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம். சிரிக்காதீர்கள், உண்மையான பயம்.

நாற்பத்தேழாவது வயதில் ஸ்டோருக்கு உதவியாளாக ஒருத்தி வந்தாள். அவளுக்கு நாற்பத்து மூன்று. புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பத்து வருடம், அம்மாவோடு இருந்தாள். நிறுத்தாமல் பேசுவாள், அதனால் பெயர் ரேடியோ. முதல் வாரம் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. இரண்டாவது மாதம் அவள் லீவு போட்ட நாட்களில் ஸ்டோர் வெறிச்சோடிக் கிடந்தது. மதியம் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். காலையில் ஷேவ் செய்யும்போது எனக்கே தெரியாமல் பாட்டு வந்தது. சந்தோஷம் என்பது இதுதான் போல என்று அந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் புதுக் குடை ஒன்றை விரித்துக் காட்டி, "கலர் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டாள். எனக்குக் குப்பென்று வியர்த்தது. "நம்பர் ஒட்டியிருந்தா சொல்லலாம்" என்றேன். "உங்களைத் திருத்தவே முடியாது சார்" என்று சிரித்தாள். தப்பித்தேன். ஆனால் அவள் கேட்டது ஒரு பதில், நான் கொடுத்தது ஒரு நழுவல். அது அன்றே உறுத்தியது.

அவள் வேலை நிரந்தரமாவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்த மழை வந்தது. அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக அன்று அவள் லீவு. கூரை ஒழுகி ஒரு தட்டு முழுக்க நனைந்துவிட்டது. 4417, 2260 என்று இரண்டு பெட்டிக் கோன்கள். ஸ்டிக்கர்கள் அத்தனையும் உரிந்து தரையில் மிதந்தன. ஒன்று பச்சை, மற்றது பழுப்பு என்று தெரியும். எது எது என்பது தெரியாது. லைன் சூப்பர்வைசர் வாசலில் நின்று கத்தினார்: "4417 வேணும் நம்பர் சார்! நாப்பது மெஷின் சும்மா நிக்குது!" என் விதிப்படி இரண்டு பெட்டியையும் குப்பையில் போட வேண்டும். போட்டால் புது நூல் வர மூன்று நாள். அவரையே கூப்பிட்டு, "இதுல எதுங்க பச்சை?" என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. கேட்கவில்லை. ஒரு பெட்டியை இழுத்தேன், புது ஸ்டிக்கரில் 4417 என்று எழுதி ஒட்டினேன், கொடுத்துவிட்டேன்.

அறுநூறு கரும்பச்சைச் சட்டைகளைப் பழுப்பு நூலால் தைத்துவிட்டார்கள். நாற்பது பேர், எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பின்னால் மூத்த தையல்காரரிடம் கேட்டேன். "பழுப்பா வருதேன்னு பார்த்தோம் சார். ஆனா நம்பர் சரியா இருந்துச்சு. கண்ணை நம்பாதேன்னு ஒட்டி வச்சதே நீங்கதானே?" என்றார்.

மேனேஜர் குதி குதி என்று குதித்தார். ஸ்டிக்கர் ஒட்டுவது யார் வேலை? ரேடியோவின் வேலை. அவளைக் கூப்பிட்டு விட்டார். "தைச்ச அன்னைக்கு நான் லீவு சார்" என்றாள். "அதுக்கு முந்தின நாள் ஒட்டியிருப்பே. ரெண்டு நாள் வீட்டுல இரு, மூணாம் நாள் வந்து லெட்டர் வாங்கிக்கோ" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன். என்னை அன்று யாராவது செருப்பால் அடித்திருந்தாலும் தகும்.

அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. சொன்னால் என் வேலை போகும், ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும், தப்பே செய்யாமல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். பெஞ்சின் மேல் நின்றிருந்தால் கேட்க மாட்டீர்கள்.

மூன்றாம் நாள் அவள் மேனேஜர் அறையில் நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. லெட்டர் மேஜைமேல் இருந்தது. நான் கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். "ஸ்டிக்கர் ஒட்டினது நான் சார். எனக்குக் கலர் தெரியாது" என்றேன்.

"என்னய்யா உளர்றே? இவளைக் காப்பாத்தக் கதை விடுறியா?"

"சின்ன வயசுலேர்ந்தே தெரியாது சார்."

மேனேஜர் இரண்டு கோன்களை வரவழைத்து, அடிப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு நீட்டினார். "இது என்ன?" "தெரியல சார்." "இது?" "தெரியல சார்." கண்ணாடிக்கு வெளியே லைனில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். மேனேஜருக்கும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம். "இருபத்திரண்டு வருஷம் நூல் ஸ்டோர்ல உக்காந்து எங்களை முட்டாளாக்கியிருக்கே!" என்றார். நான் அப்படியே நின்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் கவனமில்லாம ஒட்டிட்டேன் போலன்னு ரெண்டு நாளா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன் சார். எங்கம்மாகிட்டக்கூட என் தப்புதான்னு சொல்லிட்டேன்." அவ்வளவு சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்கு மேனேஜரின் திட்டு எவ்வளவோ மேல்.

என்னை விரட்டவில்லை. பேக்கிங்குக்கு அனுப்பினார்கள்; மறுபடி அட்டைப்பெட்டி, மறுபடி எண்ணிக்கை. ஸ்டோர் அவள் பொறுப்புக்குப் போயிற்று, வேலையும் நிரந்தரமானது. சுவரிலிருந்த என் வாசகத்தை அவளே கிழித்தாளாம். பேக்கிங்கில் பையன்கள் சட்டையை நீட்டி, "சார் இது என்ன கலர்?" என்று ஒரு வாரம் விளையாடினார்கள். "உங்கப்பன் கிட்ட கேளு" என்றேன். சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். அவள்தான் பேசவில்லை. பத்தொன்பது நாள். தனியாகச் சாப்பிட்டேன்.

இருபதாம் நாள் மதியம் மழை. அவள் நனைந்த குடையோடு வந்து, என் எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். குடையை விரித்து நடுவில் வைத்தாள்.

"இது என்ன கலர்?"

"தெரியல" என்றேன்.

"அன்னைக்கே இதைச் சொல்றதுக்கு என்ன?" என்றாள். குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. "அந்த ரெண்டு நாளை நான் மறக்க மாட்டேன் சார்."

"மறக்காதீங்க. மறக்கணும்னு நான் கேக்க மாட்டேன்."

தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பிறகு குடையைத் தொட்டு, "இது பச்சை. இலைப் பச்சை" என்றாள். "சரி, உங்களுக்கு இது எப்படித் தெரியுது?"

டீச்சர் கேட்டதில்லை, அப்பா கேட்டதில்லை, பெயர் சொன்ன டாக்டரும் கேட்டதில்லை. எது தெரியவில்லை என்றுதான் எல்லோரும் பார்த்தார்களே தவிர, எனக்கு என்ன தெரிகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நாற்பத்தேழு வயது ஆள், கையில் சோற்றோடு அழுதேன்.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி" என்றேன் ஒருவழியாக.

"ஐயோ பாவம், ஆசையா வாங்கின குடை" என்றாள். "அப்போ இலை?"

"அதுவும் அப்படித்தான். ஆனா வெயில் பட்டா..." என்று சொல்ல ஆரம்பித்தேன். மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். ரேடியோ குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.