பதிவுக்கு முன்பே போன பாட்டில்கள்

லாமெர்ட் எங்கள் எதிர்வீட்டுக்காரர். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அவர் வருவது தெரிந்துவிடும், அப்படி ஒரு கிராம்பு வாசனை. கால்வாய் முனையில் இருந்த இனிப்பு மது ஆலையில் மீசை முளைப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். பழத்தோல் ஊறவைப்பார், சோம்பு இடிப்பார், சர்க்கரைப் பாகு காய்ச்சுவார். மனைவி இறந்த பிறகு மகள் ஃபெம்மிதான் அவருக்கு எல்லாம்.

ஆம்ஸ்டர்டாமில் எங்கள் தெருவில் எந்த நல்ல காரியத்துக்கும் ஒரு பாட்டில் உண்டு. வாயும் வயிறுமாக இருப்பவள் வீட்டில் ‘நிலவறைக் குட்டி ஹான்ஸ்’ என்ற மதுவை ஊற்றினால் போதும், விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அரச குடும்பத்துப் பிறந்தநாளுக்கு ஆரஞ்சுக் கசப்பு. தேவாலயத்துப் பெண்களுக்கு மஞ்சள் மஞ்சளாக முட்டை மது. கரண்டியால் எடுப்பதால் அவர்கள் அதைக் குடிப்பதில்லையாம், சாப்பிடுகிறார்களாம். ‘சீக்கிரம் முத்தம் கொடு’, ‘சட்டையைத் தூக்கு’ என்றெல்லாம்கூட மதுக்களுக்குப் பேர் இருந்தது. பேரைச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டு நாங்கள் விரலை நீட்டித்தான் வாங்குவோம்.

“கப்பல்ல பட்டையும் கிராம்பும் வந்து குவிஞ்ச காலத்துல நம்ம ஆளுங்க கைக்குக் கிடைச்சதையெல்லாம் சாராயத்துல போட்டுப் பார்த்தாங்க” என்பார் லாமெர்ட். “குரசாவ் தீவுல ஒரு ஆரஞ்சு, வாயில வைக்க முடியாது. அதோட தோலையும் விட்டுவைக்கல.”

எல்லாவற்றிலும் உசத்தி ‘மணமகள் கண்ணீர்’. தங்கத்தாள் துணுக்குகள் மிதக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் நகர மன்றத்தில் கல்யாணத்துக்குப் பேரைப் பதிவு செய்த பிறகே அது வீடு வீடாகப் போக வேண்டும். அதுதான் முறை.

ஃபெம்மிக்கு நிலக்கரிப் படகுக்காரர் மகன் பாரெண்டைப் பேசி முடித்தார்கள். மகளுக்கென்று தன் கையாலேயே அந்த மதுவைக் கலக்கினார் லாமெர்ட். கலக்கிய கை சும்மா இருக்குமா? திங்கட்கிழமை பதிவு, மனுஷன் சனிக்கிழமையே வெள்ளை ரிப்பன் கட்டித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார். எனக்கும் பொறுமை ஏது? அன்றைக்கே திறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நான் வாசல் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது ஃபெம்மி தனியாகத் திரும்பி வந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

“அதுக்குள்ள பதிவு முடிஞ்சுதா?” என்றார் லாமெர்ட்.

“நான் படியே ஏறலப்பா. எனக்கு அவன் வேண்டாம்.”

“என்னடி சொல்ற?”

“நேத்து பாலத்துல வச்சு அடிச்சிட்டான். இங்க பாருங்க, வீங்கியிருக்கு.”

பிறகு லாமெர்ட்டின் குரல் கேட்டது.

“பாட்டிலெல்லாம் போயிடுச்சேம்மா. தெருவே குடிச்சாச்சு.”

“அவங்க குடிச்சது நீங்க காய்ச்சின சாராயத்தை. அதுக்கு நான் என்ன பண்ண?”

அன்றைக்கே ஃபெம்மி பையைத் தூக்கிக்கொண்டு ஸான்டாமில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆலையை ஒட்டின மதுக்கடையில் கண்ணாடிக் கோப்பையில் வழிய வழிய ஊற்றுவார்கள். கையைப் பின்னால் கட்டிக் குனிந்துதான் முதல் மடக்கை உறிஞ்ச வேண்டும். மறுநாள் லாமெர்ட் அப்படிக் குனிந்திருந்தபோது மீன்காரன் வாவுட்டர் ஆரம்பித்தான்.

“அடுத்தது என்னண்ணே, மாப்பிள்ளை கண்ணீரா?”

சிரித்தார்கள். லாமெர்ட் நிமிரவே இல்லை.

“தலையைத் தூக்குங்கண்ணே, முதல் மடக்கு எப்பவோ முடிஞ்சிடுச்சு.”

அதன்பிறகு அவர் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வேலைக்குப் போய்வந்தார். பாட்டில்களை நினைத்து மானம் போனதாக மறுகுகிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

“நேல், கல்யாணம் நின்னுபோச்சு.”

“தெரியும்ணே. உள்ள வாங்க.”

“இல்ல, முழுசாக் கேளு. அவன் அடிச்சிட்டான்னு பொண்ணு வந்து கன்னத்தைக் காட்டுறா. நான் பாட்டிலைப் பத்திப் பேசினேன். பெத்தவன் பேசுற பேச்சா அது?”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நானும்தானே தெருவைத் தாண்டி அவளிடம் போகாமல் ஜன்னலையே துடைத்துக்கொண்டிருந்தேன்? இதே வார்த்தைகளை அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொன்னார். பாரெண்டின் அப்பா கதவைச் சாத்தினபோது சாத்திய கதவுக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். வாவுட்டர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஃபெம்மி ஸான்டாமிலேயே பிஸ்கட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். ஞாயிறு தவறாமல் லாமெர்ட் படகேறி அங்கே போவார். பிராந்தியில் ஊறிய திராட்சை ஒரு ஜாடி கொண்டுபோவார், ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடிப்பார், சூப் குடிப்பார், திரும்பிவிடுவார். வாசல் வாசலாக அவர் சொன்னதைத் தெருக்காரர்கள் ஃபெம்மியின் காதில் எப்போதோ போட்டிருந்தோம். அவர் வாயாலேயே கேட்க அவள் காத்திருந்தாள். வருஷங்கள் ஓடின.

ஒருமுறை நானும் அவருடன் போனேன். சூப் பாதியில் ஃபெம்மி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்பா, தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னீங்களாமே. அதை என்கிட்ட ஒருதரம் சொல்லுங்களேன்.”

லாமெர்ட்டின் காதுகள் சிவந்துபோயின. என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், என் தட்டைப் பார்த்தேன். மூடின கதவுக்குச் சொன்ன மனிதருக்கு மகள் எதிரே உதடு மட்டும் அசைந்தது.

“மழை வர்ற மாதிரி இருக்கு. படகை நிறுத்திடுவான்” என்றார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஃபெம்மி ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அவருடைய மழைக்கோட்டை எடுத்துவந்து, கையைப் பிடித்து மாட்டிவிட்டாள்.