இடைவேளையில் சொன்ன விமர்சனம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், குற்றாலத்துச் சாரல் வழி தவறித் திருநெல்வேலி வரைக்கும் வந்துவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை. ஜங்ஷன் பக்கத்தில் இரண்டு ஸ்கிரீன் உள்ள ஒரு தியேட்டர். காலை ஒன்பது மணிக் காட்சி.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவள். நாற்பத்தெட்டு வயது. முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடுகிற வயதில்லை. ஆனால் படம் எங்கள் ஆற்றங்கரைக் கதை என்றார்கள். பேர்பெற்ற இயக்குநர். தாமிரபரணிக் கரையில் முன்னொரு காலத்தில் இருந்த சின்னக் கோட்டை, அதை வளைத்துக்கொண்ட படை, கோட்டை வாசலைக் காத்த ஒரு காவல்காரன். அந்தக் காவல்காரனின் வம்சத்தார் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இன்றும் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள் அவனுக்காக நட்ட கல்லுக்கு முன்னால் பூட்டிய பூட்டு ஒன்றை வைத்துப் படையல் போடுவார்கள். சாவி வைக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. இதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

முதல் பாதி முடியும் இடம். கோட்டைக்குள் எல்லாரும் தூங்குகிறார்கள். காவல்காரன் மட்டும் எழுந்து வருகிறான். ஒரு வார்த்தை இல்லை. கதவின் குறுக்கு மரத்தைத் தோள்கொடுத்துத் தூக்கி இறக்குகிறான். கதவு திறக்கிறது. வெளியே ஆயிரம் தீவட்டி. இடைவேளை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை போனில் வந்தார். ஆய்வுக்கு அதிகாரி வருகிறாராம், உடனே வரச் சொன்னார். பாதியில் கிளம்பினேன்.

வாசலில் ஒரு பெண் மைக்கோடு நின்றாள். யூடியூப் சேனல். கூட ஒருவர் கேமராவோடு. "படம் எப்படி இருக்கு மேடம்?"

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாக்கியம் ஒன்று அழகாக அமைந்துவிட்டால் அது உண்மைதானா என்று திரும்பிப் பார்க்க மாட்டேன். அன்றைக்கும் ஒன்று அமைந்தது. "கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது காவல்காரன் இல்லம்மா, இந்த இயக்குநர்தான்" என்றேன். அவள் கண் விரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு மேலும் பேசினேன். காத்தவனைக் காட்டிக் கொடுத்தவனாக்கிவிட்டார்கள், சரித்திரம் நடத்துகிறவள் சொல்கிறேன், அவன் வம்சத்தார் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் வந்து கேட்க வேண்டும் என்றேன். பாதிதான் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. படம் முடிகிற நேரம் அது இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் தோழி ஒருத்தி கத்தினாள். "ஏட்டி, நீ எங்கேயோ போயிட்டட்டி!" அவள் போனில் என் முகம். அதன் மேல் 'சரித்திர டீச்சரின் சாட்டையடி' என்று சிவப்பு எழுத்து. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே உள்ள கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். டீச்சருக்கு ஒரு சல்யூட். சரியாச் சொன்னீங்க. அதற்கும் கீழே ஒன்று: 'எங்க பாட்டன் பேரைக் கெடுத்த படம் ஓடுற தியேட்டர் நிக்காது. வேன் கிளம்பியாச்சு.'

பிசைந்த சோற்றை உருட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த பீரியடில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபோது போன் அதிர்ந்தது. மகள். காலேஜில் இருக்க வேண்டிய நேரம். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"அம்மா, திட்டாத. காலேஜுக்குப் போகல. படத்துக்கு வந்துட்டேன்." கிசுகிசுப்பாகப் பேசினாள். "வெளிய கல்லெறியுதாங்கம்மா. கண்ணாடி உடையுற சத்தம் கேட்டுது. ஷட்டரைப் பூட்டிட்டாங்க. உள்ள எல்லாரும் கத்துதாங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளே பேசினாள். "நீ ஏம்மா அப்படிச் சொன்ன? அவன் காட்டிக் கொடுக்கவே இல்லம்மா. ஊரையெல்லாம் முதல்லயே ஆத்தைத் தாண்டி அனுப்பிட்டான். இப்பதான் அந்த இடம் வந்துச்சு. எதிரிய உள்ள விட்டுட்டு, தானும் உள்ள நின்னு பூட்டிக்கிடுதான். நீ பாக்கலியா?"

லைன் அறுந்துபோயிற்று.

யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று நினைவில்லை. ஆட்டோவில் முந்தானையால் மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டேன். ஆற்றுப்பாலத்தில் நெரிசல். ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டு வந்தார். "அந்தப் பக்கம் போகாதீய அக்கா. ஒரே ரகளையாம். யாரோ ஒரு டீச்சர் பத்த வச்சுட்டாவளாம். அவ பாட்டுக்குப் பேசிட்டு வீட்டுல போய் உக்காந்துருப்பா. இங்கன அடி வாங்குறது யாரு?" பாலத்துக்குக் கீழே ஆறு எந்தக் கவலையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தியேட்டர் முன்னால் இரண்டு வேன். நூறு பேருக்கு மேல் இருக்கும். ஒரு ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் போனில் யாரையோ கெஞ்சிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கவுண்டரின் கண்ணாடி நொறுங்கி, சாரலில் நனைந்த தரையெல்லாம் மின்னியது. கூட்டத்தில் ஒருவன் கையில் பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே இருந்தது தண்ணீரா வேறு எதுவுமா என்று தெரியவில்லை. என் கண் அதை விட்டு நகரவில்லை. அந்த ஷட்டருக்குப் பின்னால் என் மகள்.

முந்தானை எப்போது நழுவியது என்று தெரியாது.

"ஏலே, டீச்சர்லே! வீடியோ டீச்சர் வந்துருக்காவ!"

கைதட்டினார்கள். சிரித்த முகத்தோடு, விசிலடித்து, இரண்டு பக்கமும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். யாரோ குடை பிடித்தார். "இன்னொருக்க சொல்லுங்க டீச்சர்! இவனுவளுக்குக் கேக்கட்டும்!" நாற்பது ஐம்பது போன்கள் என் முகத்துக்கு நேரே உயர்ந்தன. அவர்கள் என்னை அடிக்க வந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அத்தனை பேர் கையிலும் இருந்த கல், நான் எடுத்துக் கொடுத்த கல்.

"நான் பாதிதான் பாத்தேன்" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க டீச்சர்!"

"படத்தைப் பாதிதான் பாத்தேன். இடைவேளையிலே போயிட்டேன். நான் சொன்னது தப்பு. உங்க பாட்டன் காட்டிக் கொடுக்கல."

முன்வரிசையில் கைதட்டல் நின்றது. பின்னால் உள்ளவர்களுக்குக் கேட்கவில்லை போல, அவர்கள் இன்னும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தம் பைய அடங்கியதைக் கேட்டபடி நின்றேன்.

"இப்ப எப்படித் தெரியும்?" என்று ஒருவன் கேட்டான்.

"என் மக உள்ள இருக்கா. அவ போன்ல சொன்னா."

"ஓஹோ! மக உள்ள இருக்கவும் படம் நல்லாப் போச்சோ?"

சிரிப்பு. அதில் சற்று முன்னால் இருந்த மரியாதை இல்லை. கூட்டம் நெருக்கி வந்தது. குடை பிடித்தவர் குடையை மடக்கிக்கொண்டார்.

அப்போது ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். அறுபது வயதிருக்கும், தோளில் வாழைக்கறை படிந்த துண்டு. "பாதிப் படத்தப் பாத்துட்டா எங்க ஆளுவளை வண்டி ஏத்துனிய?" என்று கேட்டார். சத்தம் போடாமல்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்ய?

ஷட்டரில் ஒரு சின்னக் கதவு திறந்து தியேட்டர் மேனேஜர் தலையை நீட்டினார். ஒல்லியான மனுஷர், சட்டையெல்லாம் வேர்வை. "அண்ணாச்சி, ரெண்டாவது ஸ்கிரீன்ல இப்பதான் இடைவேளை விட்டிருக்கு. நாலு பேர் உள்ள வாங்க. மிச்சத்தப் பாருங்க. பாத்துட்டு வந்து, உடைக்கணும்னா நானே சாவியத் தாரேன், உடைங்க."

அண்ணாச்சி நொறுங்கிக் கிடந்த கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார். "நாங்க வார வரைக்கும் எவனும் கை வைக்கக் கூடாது" என்று கூட்டத்திடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சரும் வரணும். எம் பக்கத்துல உக்காரணும்."

அந்த இருட்டுக்குள் நான் உட்கார்ந்திருந்ததை எப்படிச் சொல்வது? ஒரு பக்கம் அண்ணாச்சி, மறுபக்கம் கையில் கல்லை இன்னும் போடாத ஒரு பையன், பின்னால் இரண்டு பேர். நானும் அந்தப் பாதியைப் பார்த்ததில்லை. மகள் பயத்தில் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? முகம் தெரியாத ஒரு இயக்குநர், என்றோ எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து எழுதியதில் இப்போது என் பிள்ளையின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவரை ஒரே வரியில் கிழித்துப் போட்டவள், திரையில் வந்த ஒவ்வொரு ஆளிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நல்லவனாக இரு. தயவுசெய்து நல்லவனாக இரு.

திறந்த கதவு வழியாகப் படை உள்ளே கொட்டியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று நாம் நினைத்ததெல்லாம் போர்வை மூடிய வைக்கோல். கடைசிக் குதிரையும் நுழைந்த பிறகு காவல்காரன் கதவைச் சாத்தினான், உள்பக்கமாக. பூட்டினான். சாவியை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டான். ஆற்றுமடை திறந்த சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து அவன் நின்றான்.

என் மடியில் போன் ஒளிர்ந்தது. 'முதல் ஸ்கிரீன்ல இருந்த எங்க எல்லாரையும் பின்வாசல் வழியா வெளிய விட்டுட்டாங்க. நான் பஸ்ல இருக்கேன்.' அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அதோடு அழுகையும்.

அண்ணாச்சி அழவில்லை. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "அப்ப சாவி கெணத்துலயா கெடக்கு?"

அது இயக்குநரின் கற்பனை, எந்த ஏட்டிலும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

வெளியே வந்தபோது கூட்டம் அப்படியே நின்றது. மைக் வைத்திருந்த பெண்ணும் ஓடி வந்தாள். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. "என்ன அண்ணாச்சி? எப்படிக் காட்டிருக்கான்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் பிந்துன பாதிதான பாத்தேன். முந்துனதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு மொதல்லருந்து பாத்துட்டுச் சொல்லுதேன். இப்ப வண்டில ஏறுங்கலே." அப்புறம் பாட்டில் வைத்திருந்தவனைப் பார்த்து, "அதைக் கொட்டுலே" என்றார்.

அவன் கவிழ்த்தான். ஈரத் தரையில் அது வானவில் நிறத்தில் பரவியது. பெட்ரோல் வாடை.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, திட்டவும் இல்லை. வேன் இரண்டும் கிளம்பிப் போயின. மறுநாள் நான் திருத்தம் சொல்லிப் போட்ட வீடியோவைப் பார்த்தவர்கள் மிகவும் கொஞ்சம்.

இன்றைக்கும் என் பேச்சுக்கு யாராவது கைதட்டினால் முதலில் அந்தப் பெட்ரோல் வாடைதான் எனக்கு அடிக்கிறது. அந்த வாடை என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.