மூன்று முயற்சியும் உடைந்த நேரமும்

அப்பா தன் சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு பொய் சொன்னார். அதற்கான தண்டனையை ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் அனுபவித்தேன்.

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளின் வால்வுகளைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. சூப்பர்வைசர் வட இங்கிலாந்துக்காரர். ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது அப்பாவுக்கு ஒரு தடித்த புத்தகம் கொடுத்தார். அவருடைய தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே ரக்பி லீக் ஆடியவராம். அந்த ஆட்டத்தையும் அதை ஆடிய தொழிலாளிகளையும் பற்றிய புத்தகம். ஒரு வாரம் கழித்து அவர் கேட்டபோது, முழுக்கப் படித்துவிட்டதாக அப்பா சொல்லிவிட்டார். மனிதருக்கு அப்படியொரு சந்தோஷம். பிரிவுபசார விருந்தில் அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்பாவின் ஆங்கிலமோ வால்வைத் தாண்டிப் போகாது.

ஆகவே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் நான் படித்துத் தமிழில் சொன்னேன், அப்பா கேட்டார். அதே கம்பெனியில் வெல்டராக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்து பாயில் படுத்தபடி கேட்டார்.

அந்த ஆட்டத்தில் 'ட்ரை' என்பது கால்பந்தின் கோல் மாதிரி. எனக்கு அது அப்போது தெரியாது. முயற்சி என்றே சொன்னேன். ஒருவன் ஒரே ஆட்டத்தில் மூன்று முயற்சி செய்தான், ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

"மூணு தடவையும் முடியலைன்னா எதுக்குத் தூக்குறாங்க, அத்தான்?" என்றார் மாமா.

வெள்ளைக்காரன் முயற்சியையே மதிப்பான் என்று அப்பா விளக்கினார். மாமாவுக்கு அந்த ஊர் மிகவும் பிடித்துப்போனது.

அடுத்து 'புரோக்கன் டைம்' வந்தது. உடைந்த நேரம். அப்படியென்றால் கடிகாரம்தான் என்று முடிவு செய்தேன். ஆட்டக்காரர்கள் உடைந்த கடிகாரத்துக்குக் காசு கேட்டார்கள், பெரிய மனிதர்கள் மறுத்தார்கள், வடக்கே இருந்தவர்கள் கோபித்துக்கொண்டு தனியாகப் பிரிந்தார்கள். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு ஆட வேண்டியதுதானே என்றார் மாமா.

நர்ஸ் டியூட்டி முடிந்து வந்திருந்த அம்மா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள்.

"கடிகாரம் இல்ல. ஆடப் போனா வேலைக்குப் போக முடியாது. அன்னைக்குக் கூலி போச்சு. அந்தக் கூலியைத்தான் கேட்டிருக்காங்க."

மாமா எழுந்து உட்கார்ந்தார். அவர் வேலையில் கால் நசுங்கி ஒன்பது நாள் படுத்திருந்ததற்குச் சம்பளம் பிடித்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

விருந்துக்கு எங்களையும் கூட்டிப்போன அப்பா, நான் எழுதிக் கொடுத்த தாளோடு எழுந்து நின்றார். நல்ல புத்தகம், அந்த ஆள் மூன்று முறை முயன்றும் ஜெயிக்கவில்லை, இருந்தும் மக்கள் தூக்கினார்கள் என்று ஆங்கிலத்தில் வாசித்தார். வெள்ளைக்காரர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். சூப்பர்வைசருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அப்பா தாளை மடித்தார். நான் எழுதாததை, திக்கித் திக்கிச் சொன்னார்.

"சார், புரோக்கன் டைமும் படிச்சேன். என் மச்சானுக்கு இங்கே ஒன்பது நாள்."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் தட்டிலிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் எழுந்து வந்து, மாமாவின் பெயரைக் கேட்டு, தன் நாப்கினில் எழுதிக்கொண்டார். அடுத்த சம்பளத்தில் அந்த ஒன்பது நாளும் வந்தது. அதற்குள் சூப்பர்வைசர் தன் ஊருக்குத் திரும்பியிருந்தார்.

அன்று திரும்பி வரும்போது அப்பாதான் காரை ஓட்டினார். என் தாளின் கடைசி இரண்டு வரியை அப்பா வாசிக்காமல் விட்டதில் எனக்குக் கோபம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிருகிறது போலிருக்கிறது என்று நினைத்து, ஏசியைக் குறைக்கச் சொன்னேன்.