காருக்குள் கட்டிய வெள்ளை

ஐம்பது வயதைத் தாண்டிய என் தங்கை இரண்டாம் முறை கலியாணம் செய்யச் சம்மதித்தபோது ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தாள். தொண்டைமானாற்றுச் சன்னிதி கோயிலுக்கு அப்பாவின் காரில்தான் போவாள். வாடகைக்கு வான் பிடிக்கிற கதையே வேண்டாம். மாப்பிள்ளை பண்டத்தரிப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார், அவரும் மனைவியை இழந்தவர். நிபந்தனை வைக்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் கலியாணம் யுத்தத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் நடந்தது. கூறைச் சேலையைச் செருகிக்கொண்டு என் சைக்கிள் கரியரில் இருந்துதான் கோயிலுக்குப் போனாள். அப்பாவின் ஏ ஃபோர்ட்டி கார் அப்போது கொட்டிலுக்குள் கல்லின் மேல் ஏறி நின்றது. பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. அப்பாவுக்குப் பின் என் தலையில் விழுந்தது. தங்கையின் புருஷன் சில வருடங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அவள் சாவகச்சேரியில் எங்களோடு வந்து இருந்தாள்.

காரின் எஞ்சினில் பெரிய குறை இல்லை. குறையெல்லாம் தலைக்கு மேலேதான். ஹூட் லைனிங் என்று இங்கே சொல்கிற உள்கூரைத் துணி, மண்ணெண்ணெய்ப் புகையில் கறுத்து, அணில் கடித்து, பின் சீற்றில் இருப்பவரின் தலையில் முட்டும் அளவுக்குத் தொங்கியது. பூ வைத்த கொண்டையோடு ஒருத்தி அதற்குள் இருக்க முடியாது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

சாவகச்சேரி ரவுணில் கார்ச் சீற்றுக்கு உறை தைக்கிற குஷன் கடைக்காரரிடம் போனேன். சிவப்பு வெல்வெற், கோப்பி நிற றெக்சீன், வெள்ளைத் துணி மூன்றும் இருந்தன. தென்மராட்சி வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். வெள்ளையைக் காட்டினேன்.

“வெள்ளையோ ஐயா?” என்றார்.

“ஓம், வெள்ளைதான்.”

“கலியாணக் கார் எண்டியள்…” என்று இழுத்தார்.

சிவப்பை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, வெள்ளையே போதும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். மனிதர் அதோடு வாயை மூடிக்கொண்டார்.

வேலை எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் நடந்தது. முதலில் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் கழன்றன. பழைய துணியை உரித்தபோது அணில் கூடும், தும்பும், புழுதியும் எங்கள் இருவர் மீதும் கொட்டின. துணியைத் தாங்கி நிற்பவை குறுக்கே போகும் வளைந்த கம்பிகள். ஒவ்வொன்றின் வளைவும் வேறு. கடைக்காரர் தொலைபேசியில் யாரோடோ கதைத்தபடி அவற்றை உருவி ஒரு குவியலாகப் போட்டார். பிறகு எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்று அவருக்கே தெரியவில்லை. அரைநாள் முழுவதும் கம்பியை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம். ஒரு முறை கூரை ஒட்டகத்தின் முதுகு மாதிரி வந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவருக்கோ சிரிப்பு.

ஒருவழியாகக் கம்பிகள் சரிவந்தன. தைத்த துணியை அவற்றில் கோர்த்து, ஓரங்களைப் பசை பூசி இழுத்து ஒட்டி, கண்ணாடிகளையும் பூட்டிவிட்டு, சுருக்கம் எடுபட காரை வெயிலில் விட்டோம். பின்னேரம் பார்த்தபோது ஒரு மடிப்பும் இல்லை. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. கலியாணம் அடுத்த நாள் காலையில்.

அப்போதுதான் மாமி வந்து எட்டிப் பார்த்தார். மாமி அப்பாவின் தங்கை. இளம் வயதிலேயே புருஷனை இழந்து, அன்றிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறார். நல்ல காரியம் எதிலும் முன்னுக்கு வரமாட்டார். குசினிக்குள் நின்று சமையல் எல்லாம் செய்து கொடுத்துவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் கிணற்றடிப் பக்கம் போய்விடுவார்.

“ஐயோ, என்னடா உது? செத்தவீட்டுக்கு வெள்ளை கட்டின மாதிரியெல்லோ கிடக்கு!”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் அது தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பிரேதம் கிடத்தும் இடத்துக்கு மேலே கூரையை மறைத்து வெள்ளை கட்டுவார்கள். அதே துணி, அதே இழுவை. தங்கையின் புருஷன் கிடந்தபோது அந்த வெள்ளைக்குக் கீழேதான் நானும் நின்றேன். இருந்தும் எனக்கு வெயில் மட்டும்தான் ஞாபகம் வந்திருக்கிறது. கடைக்காரர் அன்று ஏன் பேச்சை இழுத்தார் என்பதும் விளங்கியது.

“வெயிலுக்குக் குளிர்ச்சியா இருக்குமெண்டு போட்டது, மாமி.”

“உனக்குக் குளிரும். பாக்கிற சனம் என்ன சொல்லும்? தாலி அறுத்தவளை வெள்ளைக்குக் கீழை இருத்திக் கொண்டு போறாங்கள் எண்டு சொல்லாதோ? உதைக் கிழிச்சுப்போட்டு ஒரு வானைப் பிடி.”

கடைக்காரரிடம் கேட்டேன். கிழிப்பது உடனே முடியும், புதிதாகப் போட இரண்டு நாளாவது வேண்டும் என்றார். வானுக்குச் சொல்லலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவளே வந்துவிட்டாள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் பின் கதவைத் திறந்து ஏறி இருந்து அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கும் அது உடனே விளங்கியிருக்கும்.

“வானுக்குச் சொல்லுறன் பிள்ளை,” என்றேன்.

“வேண்டாம் அண்ணை.”

“மாமி சொல்லுறா…”

“கேட்டுக்கொண்டுதான் வந்தனான்.” மாமியின் பக்கம் திரும்பினாள். “நான் பெரியபிள்ளையான சாமத்தியத்துக்கும் வெள்ளைதானே மாமி கட்டினது? அதுக்குக் கீழை நீங்கள் செய்த பலகாரத்தைத்தானே நான் இருந்து சாப்பிட்டனான். நல்லதுக்கும் அதுதான், கெட்டதுக்கும் அதுதான். அவர் செத்தண்டைக்குக் கட்டேக்கை என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இதை நான் கேக்கிறன். கிடக்கட்டும்.”

மாமி குசினிக்குப் போனார். கடைக்காரர் ஆணியும் குறடும் பொறுக்கத் தொடங்கினார். நான் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். தங்கை என்னைவிடத் துணிச்சல்காரி என்பது எனக்கு எப்போதும் தெரியும். ஆனாலும் அன்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

காலையில் காரின் சில்லுகளின் கீழ் நசுக்கத் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்திக் காட்டினேன். தங்கை ஏறி இருந்துகொண்டு, “மாமி, வாங்கோ” என்று கூப்பிட்டாள். மாமி வாசலிலேயே நின்றார். “நான் பிறகு பஸ்ஸிலை வாறன்” என்றார். தங்கை கதவைச் சாத்தவில்லை, காரை எடுக்கவும் என்னை விடவில்லை. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மாமி சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் ஏறினார். கார் வெளிக்கிட்டதும் தங்கை, வாத்தியார் முன்னமே அனுப்பியிருந்த தாலித் தட்டத்தை அவர் மடியில் வைத்துவிட்டாள்.

புத்தூர் பக்கமாகப் போனோம். அச்சுவேலி தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். மாமி வெளியே பார்க்கவில்லை, அண்ணாந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ரை மனிசன் செத்தண்டைக்கு என்னையும் ஒருத்தரும் கேக்கேல்லை, பிள்ளை,” என்றார்.

தங்கை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ரோட்டைப் பார்த்துக் காரை ஓட்டினேன்.

கோயில் வாசலில் வாத்தியாரும் அவருடைய ஆட்களும் நின்றார்கள். மாமி வழக்கம்போல ஒதுங்கி நிற்பார் என்று நினைத்து, தட்டத்தை வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் உள்ளே நடந்தார்.