பிறக்காத கிரகத்துக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் வானத்தைப் பற்றி எழுதினால் நீங்கள் சிரிக்க மாட்டீர்களா? ஆனால் போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கோயிலில் பிரசாத வரிசை. எனக்கு முன்னால் நின்றவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிறாள் – "நம்ம மட்டாஞ்சேரியில ஒரு சேச்சி அர்ச்சனை செஞ்சாளாம். மறுநாளே ஆகாசத்துல புதுசா ஒரு கிரகம் பிறந்துச்சாம்! வாட்ஸ்அப்புல வந்துச்சுடி."

அந்தச் சேச்சி, அதாவது அக்கா, நான்தான். நடந்தது அதுவல்ல!

என் மகள் சுதா அப்போது ஆராய்ச்சி மாணவி. இளம் நட்சத்திரங்களைச் சுற்றித் தூசியும் வாயுவும் தட்டு மாதிரி சுழலுமாம். அந்தத் தூசி ஒட்டி, திரண்டு, கிரகமாகுமாம். நம் பூமியும் அப்படி வந்ததுதானாம். ஓணம் லீவுக்கு வந்தவள் லேப்டாப்பில் ஒரு படம் காட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு... அதில் கறுப்பாக ஒரு வளையம்.

"என்னடி இது? ஓணப் பூக்களம் போட்டவ ஒரு வரிசைய விட்டுட்டாளா?"

"மிளகு காயப்போட்ட முற்றத்துல ஒருத்தர் வட்டமா நடந்தா தடம் விழும்ல? அது மாதிரிம்மா. அங்க உருவாகிட்டிருக்கிற ஒரு கிரகம் நடக்குதுன்னு நினைக்கிறோம். தடம் தெரியுது, ஆளைத்தான் காணோம்." லேப்டாப்பை மூடினாள். "ரெண்டு வருஷமா தேடறேன். ஒரு புள்ளிகூட கிட்டல. போதும்மா... எல்லாம் மதியாக்கி, விட்டுட்டு ஸ்கூல்ல டீச்சரா போறேன்."

"கண்ணாடிய மாத்திப் பாரேன் மோளே" என்றார் என் வீட்டுக்காரர். இஞ்சிக் கிடங்கில் வேலை. எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார். சுதா முறைத்தாள். சாயா ஆறிப்போனது.

இத்தனை வருடப் படிப்பை விட்டுவிடுவாளா? எனக்குத் தெரிந்தது ஒரே வழி. மறுநாள் காலை அவளையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் குருக்கள்.

"ஒரு கிரகத்துக்கு, சாமி."

"சனீஸ்வரனுக்கா?"

"இல்ல சாமி, இது வேற. இன்னும் பிறக்கல."

"அம்மா!" – சுதா என் முந்தானையை இழுத்தாள்.

குருக்கள் அசரவில்லை. "பிறக்காத குழந்தைக்குத் தாயார் பேர்லதான் பண்ணுவோம். தாயார் யாரு?"

நான் சுதாவைக் கைகாட்டினேன்.

பின்னால் நின்ற ஒரு சேச்சி எட்டிப் பார்த்தாள். "எத்தனை மாசம் மோளே?"

சுதா அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, "மாசக் கணக்கு இல்ல சேச்சி. லட்சக்கணக்கான வருஷம் ஆகும்!" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்... கண்ணில் தண்ணீர் வரும் வரை. எத்தனையோ நாளாக நான் காணாத சிரிப்பு. 'சுதா, உத்திரட்டாதி நட்சத்திரம்' என்று அர்ச்சனை நடந்தது. அடுத்த வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்கே திரும்பிப் போனாள்.

கிரகம் தெரிந்ததா? இல்லை. இன்றுவரை இல்லை. 'அங்கே கிரகம் இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் பெரிதாக இருக்காது' என்று கணக்குப் போட்டு எழுதினாள். அதற்கே பட்டம் கொடுத்தார்கள்! காணவில்லை என்பதையும் ஒழுங்காகச் சொன்னால் அதுவும் ஆராய்ச்சிதானாம்.

எனக்கு அதில் ஆச்சரியமில்லை. தினமும் விளக்கேற்றுகிறேன் – முருகன் என்றைக்காவது முகம் காட்டியிருக்கிறானா? ஆனால் அவன் நடந்துபோன தடம் என் வீடு முழுக்க இருக்கிறது.

அதனால் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். தாராளமாக வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி! அர்ச்சனை நடந்தது, மகள் சிரித்தாள், திரும்பிப் போனாள். கிரகம் தெரியவில்லை.

அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் – நீங்களாக ஒரு புள்ளி வைத்துவிடாதீர்கள்!